ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு பால்வாடி

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில், நகரத்து நெரிசல் குறைந்ததும் வருகிறது வேங்கிக்கால். பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் லட்சக்கணக்கானவர்களுக்கு இது பஸ் ஜன்னலில் கடந்துபோகும் ஒரு பெயர்ப்பலகை. மாவட்டத்து ஏழைகளுக்கு அப்படியில்லை. 1989 செப்டம்பர் 30 அன்று பழைய வட ஆற்காடு பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அதன் ஆட்சியர் அலுவலகம் இருப்பது வேங்கிக்காலில். திங்கட்கிழமை தோறும் அங்கே மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். ஜவ்வாது மலையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்த மலையாளி பழங்குடிப் பெண்கள், ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் இருளர்கள், சாதிச் சான்றுக்காக நடையாய் நடக்கும் காட்டுநாயக்கர்கள் எல்லாரும் கையில் மனுவும் இடுப்பில் பிள்ளையுமாக வரிசையில் நிற்பார்கள். பட்டா, கரண்ட், பாதை, சான்றிதழ் என்று நீளும் கோரிக்கைகளுக்கு நடுவே தலைகாட்டும் இன்னொன்றும் உண்டு: எங்கள் பக்கம் ஒரு பால்வாடி வேண்டும்.

பால்வாடியே இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இன்று அரிது. அரசுக் கணக்கில் மாநிலம் முழுக்க ஐம்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள்; குறு மையங்களும் அவற்றில் அடக்கம். அத்தனை இருந்தும் இந்த மனு ஓயவில்லை. ஊரில் பால்வாடி இருப்பது ஒன்று, அது யார் வீட்டுப் பிள்ளை நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது என்பது வேறு. பச்சைப் பிள்ளைகளின் படிப்பில் எல்லாக் குடும்பத்துக்கும் இடம் உண்டா என்ற கேள்வி கிட்டத்தட்ட நூறு வருஷமாக இந்த நாட்டில் கேட்கப்பட்டு வருகிறது. ஒவ்வொரு முறையும் அதற்கு விடை சொன்னவை மூன்று: கட்டிடம் எந்தத் தெருவில் நிற்கிறது, கரண்டி யார் கையில் இருக்கிறது, சொல்லப்படும் கதை யாருடையது.

முதல் கேள்வியைச் செயலில் சந்தித்தவர் தாராபாய் மோடக். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920ல் தொடங்கிய பாலமந்திரில் சேர்ந்து பணியாற்றியவர் அவர். மரியா மாண்டிசோரியின் முறையை இந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றியவர்கள் இந்த இருவரும். 1926ல் குழந்தைக் கல்விக்கென்றே ஒரு சங்கம் கண்டார்கள். ஆனால் பாலமந்திருக்கு வந்தவை பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். அந்தக் குறை தாராபாயை உறுத்திக்கொண்டே இருந்தது. 1945ன் கடைசியில் பம்பாய்க்கு வடக்கே, கடலோரக் கிராமமான போர்டியில் கிராமப் பால சிட்சா கேந்திராவைத் தொடங்கினார். மாண்டிசோரியின் விலை உயர்ந்த மரக் கருவிகளுக்குப் பதிலாகக் கிளிஞ்சல், விதை, இலை, கூழாங்கல். செலவு குறைந்தால் எல்லாரும் வருவார்கள் என்பது கணக்கு.

எல்லாரும் வரவில்லை. ஊருக்குள் நடந்த பால்வாடிக்குத் தலித் குடியிருப்பின் பிள்ளைகள் வந்து சேரவில்லை. அனுப்பத் தயங்கிய பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஊர்த் தெருவில் தங்களுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தாராபாயும் உடன் இருந்தவர்களும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விடவும் இல்லை. தாங்களே கிளம்பி அந்தக் குடியிருப்புக்குப் போனார்கள். ஒரு முற்றத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். இன்று நாடு முழுக்க அரசாங்கம் நடத்தும் அங்கன்வாடிக்கு மூலம் அந்த முற்றம்தான்; அங்கன் என்றால் முற்றம். நமக்கு இது ஏதோ டெல்லியில் யாரோ எழுதிய திட்டத்தின் பெயராகவே பழகிவிட்டது. தொடக்கத்தில் அது தீண்டாமைக்கு எதிராக எடுத்துவைத்த ஓர் அடி என்பதைப் பாடநூல்கள்கூட அழுத்திச் சொல்வதில்லை.

1957ல் அவர்கள் கோஸ்பாட் மலைக்கு இடம் மாறினார்கள். அங்கே வார்லி பழங்குடியினர். தாராபாயோடு இருந்த அனுதாய் வாக், பதின்மூன்று வயதில் கல்யாணமாகி ஆறு மாதத்துக்குள் விதவையானவர். பிறகு படித்து ஆசிரியையானவர். மலையில் பிள்ளைகள் பள்ளியைத் தேடி வரமாட்டார்கள் என்பது முதல் சில நாட்களிலேயே தெரிந்துபோனது. பணியாளர்கள் காலையில் குடிசை குடிசையாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள், குளிப்பாட்டினார்கள். மாடு மேய்க்கப் போகும் பெரிய பிள்ளைகளுக்கு மேய்ச்சல் தரையிலேயே வகுப்பு வைத்தார்கள். மாட்டை விட்டுவிட்டு வா என்று சொல்லாமல் மாடு மேயும் இடத்துக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போன அந்தத் துணிச்சலுக்கு ஈடாக, இந்தியக் கல்வி வரலாற்றில் அதிகம் சொல்லிவிட முடியாது.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 1939 நவம்பரில் மாண்டிசோரி அம்மையாரே சென்னை அடையாறுக்கு வந்து இறங்கினார். தியசாபிகல் சொசைட்டியில் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். போரின் காரணமாக 1946 வரை அவர் இந்தியாவிலேயே தங்க வேண்டியதாயிற்று. நாடெங்கும் இருந்து வந்து அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் நூற்றுக்கணக்கானோர். தமிழ்நாட்டு நகரங்களில் மாண்டிசோரி பள்ளிகள் கிளைத்தது அதன் பிறகுதான். ஆனால் நம் ஊர்களில் அந்தப் பெயர் மெல்ல மெல்ல ஃபீஸ் கட்ட முடிந்தவர்களின் பள்ளியைக் குறிப்பதாகிவிட்டது. ரோம் நகரத்துச் சான் லொரென்சோ குடிசைப் பகுதியில், கூலிவேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்காக 1907ல் மாண்டிசோரி தொடங்கிய வேலை இப்படி முடிந்ததில் வருத்தப்பட நிறைய இருக்கிறது. அதே அடையாறில் 1894லேயே கர்னல் ஆல்காட் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி திறந்தார் என்பதையும் சேர்த்து நினைத்தால் வருத்தம் இன்னும் கூடும்.

தமிழ்நாட்டிலிருந்து தேசியத் திட்டத்துக்கு ஒரு நேரான கோடு போகிறது. அந்தக் கோட்டின் பெயர் மீனா சுவாமிநாதன். எழுத்தாளர் கிருத்திகாவின் மகள், வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி என்ற அறிமுகங்கள் அவருக்குப் போதாது. பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளைப் பற்றி ஆராய மத்தியக் கல்வி ஆலோசனைக் குழு அமைத்த ஆய்வுக்குழுவுக்கு அவர் தலைவர். 1972ல் வந்த அறிக்கை சொன்னது சிக்கலில்லாத ஒரு விஷயம்: மூன்று வயதுப் பிள்ளைக்குச் சோறு ஒரு துறை, ஊசி ஒரு துறை, பாட்டு ஒரு துறை என்று பிரித்துக் கொடுக்க முடியாது. ஏழைப் பிள்ளைக்கு மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும். 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்துக்கு அடித்தளம் இதுதான்.

தமிழ்நாடு அதோடு நிற்கவில்லை. 1980ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில், உலக வங்கிக் கடனோடு ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை பார்த்து, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு. அந்தத் திட்டத்தில் கிராமத்து ஊட்டச்சத்துப் பணியாளரைத் தேர்ந்தெடுத்த விதம் கவனிக்க வேண்டியது. உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும், ஓரளவு படித்திருக்க வேண்டும் என்பவை வழக்கமான தகுதிகள். ஏழையாக இருந்தும் தன் பிள்ளைகளை நோஞ்சானாக விடாமல் வளர்த்த தாய்க்கு முன்னுரிமை என்பது புதிது. அவளிடம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று ஒரு அரசுத் திட்டம் ஒப்புக்கொண்டது. ஏழைத் தாய்க்கு ஒன்றும் தெரியாது என்று தொடங்கும் திட்டங்களைப் பார்த்துப் பழகிய நாட்டில் அது பெரிய விஷயம்.

அப்புறம் வந்தது 1982. ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1956ல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத்தான். அதற்கும் முன்னால் 1920ல் சென்னை மாநகராட்சியில் பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் போட்ட சோறும் அப்படியே. 1982ல் வட்டம் கீழே இறங்கி இரண்டு வயதுப் பிள்ளையைத் தொட்டது. கிராமந்தோறும் குழந்தைகள் மையம் என்ற பெயரில் பால்வாடி முளைத்தது. ஒரு டீச்சர், ஒரு ஆயா, ஒரு அடுப்பு. பணம் விரயம், ஓட்டுக்காகச் செய்வது என்று அன்று எழுதிய பொருளாதார அறிஞர்கள் பலர். ஆரணியையும் சுற்றுப்புறத்துக் கிராமங்களையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ் 1991ல் இந்தச் சத்துணவுத் திட்டத்தைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் இருக்கிறது.

சோறு போட்டது பெரிது. யார் போட்டார்கள் என்பது அதற்குச் சற்றும் குறையாதது. சத்துணவு வேலைகளில் விதவைகளுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. கல்யாண வீட்டில் முன்னால் வரக்கூடாது, நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிரில் வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட பெண்களின் கையில் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒப்படைக்கப்பட்டார்கள். காலையில் அவள் முகத்தில்தான் பிள்ளைகள் விழித்தன என்றுகூடச் சொல்லலாம். வெள்ளைப் புடவைக்காரியின் சகுனம் பற்றி ஊர் பேசிய பேச்சு, அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்கள் ஆனபோது பாதியாவது செல்லாக்காசாகிவிட்டது. இதை எந்தப் புள்ளிவிவரமும் அளக்கவில்லை. ஆனாலும் அந்தத் திட்டத்தின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று இது.

சாதி விஷயத்தில் அவ்வளவு எளிதாக நடக்கவில்லை.

ஒரு பால்வாடியின் மதியத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். காலையில் சத்துமாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுத்தாகிவிட்டது. உத்தரத்தில் தொங்கும் தராசில், துணித் தொட்டிலுக்குள் காலை ஆட்டியபடி ஒரு பிள்ளையை எடை போட்டு அட்டையில் புள்ளி வைத்தாகிவிட்டது. பதினொன்றரைக்குச் சாம்பார் மணம் வந்ததும் கவனம் முழுக்கச் சமையற்கட்டின் பக்கம் திரும்பிவிடும். கை கழுவி, வரிசையாக உட்கார்ந்து, தட்டைத் தட்டித் தாளம் போட்டு, சோறும் முட்டையும் வந்ததும் அடங்கும். முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. சாப்பிட்டதும் பாயில் வரிசையாகத் தூக்கம். பார்க்க ஒன்றுபோல இருக்கும் இந்த வரிசையில்தான், எத்தனையோ கிராமங்களில், சில வீட்டுப் பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வீட்டுக்குக் கூட்டிப்போகப்பட்டார்கள். சிலர் தட்டை வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். காரணத்தை யாரும் உரக்கச் சொல்லவில்லை. சமையல் யார் என்று பார்த்தால் போதும்.

பொருளியல் அறிஞர் சுகதேவ் தோரட்டும் ஆய்வாளர் ஜோயல் லீயும் 2005ல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களின் 531 கிராமங்களில் இதைத் தேடிப் பார்த்தது. ரேஷன் கடையும் மதிய உணவும் எந்தத் தெருவில் நடக்கின்றன, சமைப்பவர் என்ன சாதி என்ற இரண்டையும்தான் முக்கியமாகக் கேட்டது. தலித் குடியிருப்பில் மையம் இருந்தால் ஊர்க்காரர் பிள்ளையை அனுப்ப மறுப்பது, ஊரில் இருந்தால் காலனிப் பிள்ளை நுழையத் தயங்குவது என்ற இரு பக்கத்துச் சுவரையும் அது காட்டியது. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சமையல் வேலையில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டிருந்தது. உத்தரவு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். 2018 ஜூலையில் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் சமூகத்துப் பெண் சமைப்பதை எதிர்த்துப் பெற்றோர் சிலர் பள்ளியையே முடக்கினார்கள். அந்தப் பெண்ணுக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அது ரத்தானது, வழக்கும் பதிவானது. அந்தப் பெண்ணின் கரண்டி அதே அடுப்புக்குத் திரும்பியதை ஒரு வெற்றியாகத்தான் சொல்ல வேண்டும். எத்தனை பேர் போராடி அந்த வெற்றி கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இடம் பற்றிய வழக்கு வேறொரு வாசல் வழியாக உச்ச நீதிமன்றம் போனது. 2001ல் ராஜஸ்தானில் தானியக் கிடங்குகள் நிரம்பி வழிய, மக்கள் பட்டினி கிடந்தபோது மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கு அது. அதில் 2006 டிசம்பர் 13 அன்று வந்த தீர்ப்பு, பால்வாடியின் வரலாற்றில் ஒரு மைல்கல். ஆறு வயதுக்குள் 40 பிள்ளைகள் உள்ள எந்தக் குடியிருப்பும் கேட்டால், மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி திறக்க வேண்டும். தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முதலிடம். அதுவரை அரசாங்கத்தின் தயவாக இருந்தது அன்று முதல் மக்கள் கேட்டு வாங்கும் உரிமையாயிற்று. வேங்கிக்காலில் மனு கொடுப்பவர்களின் கோரிக்கைக்குப் பின்னால் இந்தத் தீர்ப்பின் பலம் இருக்கிறது.

நாற்பது என்ற எண்ணிக்கையில் ஒரு சிக்கல். ஏரிக்கரையிலும் வாய்க்கால் மேட்டிலும் பத்து, இருபது குடிசையாகச் சிதறி வாழும் இருளர் குடும்பங்களில் நாற்பது சிறுபிள்ளைகள் எங்கிருந்து வரும்? அவர்களை ஒன்றிய அரசு, மிகவும் நலிந்த பழங்குடிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. குறு மையங்கள் இந்த இடைவெளியை நிரப்பத்தான் வந்தன. நரிக்குறவருக்கும் குருவிக்காரருக்கும் பழங்குடிப் பட்டியலில் இடம் தரும் சட்டமே 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதுவரை பழங்குடி என்ற பெயரில் வரும் எந்த முன்னுரிமையும் அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை.

இதற்கிடையில் எதிர்பாராத ஒன்று நடந்தது. காலனிப் பிள்ளையோடு உட்கார மாட்டோம் என்று அன்று முறைத்த குடும்பங்கள் இன்று முறைப்பதில்லை. மஞ்சள் வேனில் ஏற்றிப் பிள்ளையை இங்கிலீஷ் மீடியம் எல்.கே.ஜி.க்கு அனுப்பிவிடுகின்றன. சண்டை இல்லை, வழக்கு இல்லை. பால்வாடியில் மிச்சம் இருப்பது வேனுக்குக் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மட்டும். அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. அவை நன்றாக நடக்கும் இடங்களில் வேன் காலியாக ஓடும். ஒரே பாயில் எல்லா வீட்டுப் பிள்ளையும் உட்கார வேண்டும் என்றால் அந்தப் பாய் எல்லாரும் விரும்பும்படி இருக்க வேண்டும். ஏழைக்கு இது போதும் என்று விட்ட இடத்தில் ஏழை மட்டுமே தங்குவார்.

இனி, கதை.

பால்வாடியில் காக்கா வடையைத் தூக்கிய கதை கேட்காத பிள்ளை கிடையாது. ஆனால் சுவரில் ஒட்டியிருக்கும் ‘என் குடும்பம்’ படத்தில் ஓட்டு வீடு, சட்டை போட்ட அப்பா, அடுப்படியில் அம்மா, அண்ணன், தங்கை. திருவண்ணாமலை மாவட்டத்தின் பல கிராமங்களில் அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டிட வேலையில் இருப்பார்கள். பிள்ளையை வளர்ப்பது பாட்டி. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற இருபது பேரில் பலர் இந்த மாவட்டத்துக் கூலித் தொழிலாளிகள். அந்த வீட்டுப் பிள்ளைகளும் அதே சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கும். ‘உங்க அப்பா என்ன வேலை செய்றாரு?’ என்று வட்டமாகக் கேட்டுக்கொண்டு வரும் டீச்சர் எந்தக் கெட்ட எண்ணத்திலும் கேட்கவில்லை. ‘காலையில உன்னைக் குளிப்பாட்டி விட்டது யாரு கண்ணு?’ என்று கேட்டுப் பார்க்கலாம். எல்லாப் பிள்ளையிடமும் அதற்கு ஒரு பதில் இருக்கும்: ஆயா, பெரியம்மா, அக்கா, தாத்தா, நானே. கதை நேரத்தை எல்லாக் குடும்பத்துக்கும் உரியதாக்குவது பாதிக்கு மேல் இப்படிப்பட்ட சின்னக் கேள்விகளில் இருக்கிறது.

மீதிப் பாதி புத்தகத்தில். 2000ஆம் ஆண்டு வாக்கில் சென்னை தூலிகா பதிப்பகம் ஸாய் விட்டேக்கர் எழுதிய ஒரு படக்கதையை வெளியிட்டது. காளி என்ற இருளர் சிறுவன். அப்பா பாம்பு பிடிப்பவர். வகுப்பில் யாரும் அவன் பக்கத்தில் வருவதில்லை. ஒருநாள் வகுப்புக்குள் ஒரு சாரைப்பாம்பு புகுந்துவிட, வாத்தியார் உட்பட எல்லாரும் அலற, காளி நிதானமாக அதைப் பிடிக்கிறான். கதை அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு திருப்பம் உண்டு: எந்தத் தொழிலுக்காக அவனை ஒதுக்கினார்களோ, அந்தத் தொழிலின் அறிவுதான் அன்று வகுப்பைக் காப்பாற்றுகிறது. காளியின் அப்பா போன்றவர்களைக் கொண்டு 1978ல் வடநெம்மேலியில் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதியைத் தந்து வருகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களுக்கு 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்படி ஒரு கதையைப் பால்வாடியில் சொன்னால் இருளர் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். பக்கத்துப் பிள்ளை அவனைப் புதிதாகப் பார்க்கும். இரண்டாவது நடப்பது முதலாவதைவிட அவசியம்.

கதை சொல்லும் இடத்தை மாற்றிய இரண்டு பெண்களை இங்கே சொல்ல வேண்டும். நியூயார்க் பொது நூலகத்தில் 1921ல் வேலைக்குச் சேர்ந்த பூரா பெல்ப்ரே, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர். குடியேறிகளின் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலுமாகப் பொம்மை வைத்துக் கதை சொன்னார். நூலகம் தங்களுக்கானது இல்லை என்று ஒதுங்கியிருந்த தாய்மார்கள் உள்ளே வந்தார்கள். அதே நூலகத்தின் ஹார்லெம் கிளையில் 1937ல் சேர்ந்த கறுப்பினப் பெண் அகஸ்டா பேக்கர், தன் முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளின் முகம் புத்தகத்தில் மரியாதையாக இடம்பெறவில்லை என்பதைக் கண்டு, நல்ல புத்தகங்களைத் தேடித் தேடித் தனித் தொகுப்பாகச் சேர்த்தார். இல்லாதவற்றை எழுதச் சொல்லிப் பதிப்பாளர்களை நச்சரித்தார்.

நம்மிடமும் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டுவண்டியில் புத்தகத்தை அடுக்கிக் கிராமங்களுக்கு அனுப்பினார். தொடங்கி வைத்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். திருவண்ணாமலையிலேயே எழுத்தாளர் பவா செல்லதுரை கதை சொல்கிறார் என்றால் கூட்டம் தரையில் உட்கார்ந்து கேட்கிறது. ஒடிசா இன்னும் ஒரு படி மேலே போய், பழங்குடிப் பகுதி அங்கன்வாடிகளில் அவர்களின் சொந்த மொழியிலேயே பாட்டும் கதையும் கொண்டுவந்திருக்கிறது. வீட்டில் வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் பிள்ளையும், உருது பேசும் பிள்ளையும், தெலுங்கு பேசும் பிள்ளையும் ஒரே பாயில் உட்காரும் வட தமிழ்நாட்டில், வாரம் ஒருநாள் ஒரு பாட்டியைக் கூப்பிட்டு அவர் மொழியில் ஒரு கதை சொல்ல வைக்கப் பணம் காசு தேவையில்லை.

உடல் ஊனமுற்ற பிள்ளைகளின் கதை தனி. நெடுங்காலம் அவர்கள் பால்வாடி வாசலைக்கூடப் பார்க்கவில்லை; தாய் வேலைக்குப் போகும்போது வீட்டுக்குள் விட்டுப் பூட்டிப் போனவர்கள் உண்டு. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களை வீட்டுக்கே அனுப்பிச் சிறு வயதிலேயே குறையைக் கண்டுபிடிக்கிறது. கழுத்து நிற்காத பிள்ளையை எப்படிப் பிடித்து உட்கார வைப்பது என்று தாய்க்கே சொல்லித் தருகிறது. 2023 நவம்பரில் ஒன்றிய அரசும் மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்வதற்கான நெறிமுறையை வெளியிட்டது. டீச்சருக்குக் கூடுதல் பயிற்சியும் கூடவே ஒரு கையும் கொடுக்காமல் நெறிமுறையை மட்டும் அனுப்பினால், பழி அந்த ஒற்றை டீச்சர் தலையில் விழும்.

இன்றைக்கு மிகவும் பின்தங்கி நிற்பது செங்கல் சூளைப் பிள்ளைகள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் முன்பணம் வாங்கிய இருளர் குடும்பங்கள் சூளைகளுக்குக் கிளம்பும். கோடை முடிகிறவரை அங்கேதான். பிள்ளையின் பெயர் ஊர்ப் பால்வாடிப் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை மண் மேட்டில் இருக்கும். 2021ல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் இடம்பெயர்ந்த குடும்பத்தைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் சூளையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மையம் இருந்தால்தானே மாற்ற? 1969ல் டெல்லி ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டுக்கான கட்டிட வேலை நடந்தபோது, மண் குவியலில் கிடந்த கைப்பிள்ளைகளைக் கண்ட மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரம் போட்டார். மொபைல் கிரெஷஸ் என்ற அமைப்பு அப்படிப் பிறந்தது. மீனா சுவாமிநாதனும் அதில் பங்கெடுத்தவர். வேலை முடிந்து தொழிலாளிகள் அடுத்த இடத்துக்குப் போனால் கூடாரமும் பின்னாலேயே போனது. சூளைக்கும் அது பொருந்தும். தகரக் கொட்டகை ஒன்று, தொங்கும் தராசு, அடுப்பு, நாலு படப்புத்தகம், சூளைக் குடும்பங்களிலிருந்தே தேர்ந்தெடுத்த இருளர் பெண் ஒருவருக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும். எந்தச் சூளைக்கு எத்தனை குடும்பம் போகிறது என்று ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்கும்போதே தெரியும். அந்தக் கணக்கை டிசம்பருக்குள் அவரிடமிருந்து வாங்கினால், லாரி போய்ச் சேரும் அன்றே கொட்டகையில் அடுப்பு எரியலாம்.